மருத்துவத்தில் ஐந்தாம் கூறு

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவன் என்பன அந்நான்கு. பள்ளியில் அக்குறளை மனப்பாடம் செய்தபோது நான்காம் கூற்றைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். வீட்டில் காய்ச்சல் கண்டால் அம்மா இருந்தார். அந்த இடம் தானாகவே நிரம்பிவிட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து தில்லிக்கு வந்து, விடுதி அறையில் தனியே போர்த்திப் படுக்கும்போதுதான் அந்த நான்காமவரின் அருமை தெரிகிறது.

இன்று அந்நான்கோடு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் முதலீடு. மருத்துவமனையில் பணம் போட்டவர் அதற்கு ஆதாயம் எதிர்பார்க்கிறார். இந்த ஐந்தாமவர் நோயாளியின் கட்டிலருகே வருவதில்லை. ஆனால் எந்த அறை, எத்தனை பரிசோதனை, எத்தனை நாள் என்னும் கேள்விகளிலெல்லாம் அவர் குரல் கலந்திருக்கிறது. அக்குரலை இனங்கண்டு கொள்வது எப்படி, அதன் நடுவே நம் உடலையும் கைப்பொருளையும் காத்துக் கொள்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் பொருளாதாரம் பயில்பவன்; மருத்துவன் அல்லன். ஆனால் கடந்த நான்கு ஆண்டுகளில் நம் சங்கத்து நண்பர்களுக்கும், சிகிச்சைக்காக ஊரிலிருந்து வந்த அவர்தம் பெற்றோருக்கும் துணையாகப் பலமுறை மருத்துவமனைகளில் நின்றிருக்கிறேன். அங்கே கண்டவற்றையும் நூல்களிற் கற்றவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கத்தரிக்காயும் கட்டிலும்

சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கச் செல்கிறோம். நமக்கு எவ்வளவு வேண்டும் என்பது நமக்குத் தெரியும். காய் முற்றலா, பிஞ்சா என்று பார்க்கத் தெரியும். ஒரு கடையில் விலை அதிகமென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். ஒன்றும் வாங்காமலே திரும்பவும் செய்யலாம். விற்பவர் ஆதாயம் கருதியே விற்கிறார் என்றாலும் நமக்குத் தீங்கில்லை. நம் அறிவே நமக்குக் காவல்.

மருத்துவமனையில் இவற்றுள் ஒன்றும் நம் கையில் இல்லை. நமக்கு என்ன வேண்டும் என்பதை நாம் அறியோம். விற்பவரே அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கியது நல்லதா என்பதும் பல வேளைகளில் பிறகும் தெரிவதில்லை. காய்ச்சல் மருந்தால் தணிந்ததா, தானே தணிந்ததா என்று யார் சொல்ல முடியும்? வலியோடும் அச்சத்தோடும் இருப்பவர் கடை கடையாய் ஏறி இறங்கவும் முடியாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தார். மருத்துவத்தில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே அறிவில் பெரும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆதலால் மற்றப் பண்டங்களின் சந்தைபோல் அது நடைபெற முடியாது. அந்த இடைவெளியை நம்பிக்கையே நிரப்ப வேண்டியிருக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

மருத்துவர் நம் நலம் ஒன்றையே நாடும் வரையில் அந்த நம்பிக்கைக்குக் குறைவில்லை. அவருக்கும் நமக்கும் நடுவே மாத வருவாய் இலக்கு ஒன்று வந்து நிற்கும்போதுதான் இடர்ப்பாடு பிறக்கிறது.

வளர்ந்த வழி

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. விடுதலைக்கு முன்பே, 1946இல், சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை அளித்தது. பணம் கொடுக்க இயலவில்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் அந்தச் சிந்தனையின் விளைவே. ஆனால் அக்குழு கனவு கண்ட அளவுக்கு அரசுகள் பணம் ஒதுக்கவில்லை. மக்கள் தொகை பெருகியது. அரசு மருத்துவமனையின் வரிசையும் நீண்டது. அந்த வரிசையில் நிற்க முடியாதவர்களை நோக்கித் தனியார் மருத்துவம் வளர்ந்தது.

முதலில் அது ஊர் மருத்துவர் நடத்திய சிறு மருத்துவமனையாக இருந்தது. 1983இல் சென்னையில் அப்பல்லோ மருத்துவமனை திறக்கப்பட்டதை நிறுவன முறை மருத்துவத்தின் தொடக்கமாகக் குறிப்பிடுவர். 2000ஆம் ஆண்டு முதல் மருத்துவமனைத் துறையில் நூறு சதவீத அன்னிய முதலீட்டுக்கு வழி திறக்கப்பட்டது. 2023இல் சிங்கப்பூரின் தெமாசெக் நிறுவனம் மணிப்பால் மருத்துவமனைக் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் பலவற்றின் பங்குகள் இன்று பங்குச் சந்தையில் விற்கப்படுகின்றன.

பங்குச் சந்தையிலுள்ள மருத்துவமனைகள் மூன்று மாதத்துக்கொருமுறை பங்குதாரருக்குக் கணக்குக் காட்டுகின்றன. அக்கணக்குகளில் தவறாது இடம்பெறும் ஓர் எண் உண்டு. நோயாளி இருக்கும் கட்டில் ஒன்றுக்கு நாளொன்றில் கிடைத்த சராசரி வருவாய் என்பதே அது. அந்த எண் உயர்ந்தால் பங்கின் மதிப்பு உயரும். எத்தனை பேர் குணமடைந்தனர் என்பதைக் காட்டும் எண்ணுக்கு அத்தகைய மதிப்பு இல்லை. நல்ல மருத்துவர்கள் அங்கும் இருக்கிறார்கள். சிக்கலான அறுவைகள் திறம்பட நடக்கின்றன. இதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆயினும் நிறுவனம் எதை அளக்கிறதோ அதையே வளர்க்க முயலும் என்பது நிர்வாகத்தின் பாலபாடம்.

எண்கள் கூறும் செய்தி

2017–18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, மகப்பேறு நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற ஆன சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் ரூ. 4,452, தனியாரில் ரூ. 31,845. ஏழு மடங்குக்கு மேல்.

2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் தில்லி வட்டாரத்துப் பெரிய தனியார் மருத்துவமனைகள் நான்கின் கட்டணப் பட்டியல்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. ஊசிக்குழல் போன்ற சில்லறைப் பொருள்களில் கொள்முதல் விலைக்கு மேல் 1,737 சதவீதம் வரை ஆதாயம் வைக்கப்பட்டிருந்ததை அது எடுத்துக் காட்டியது. அதற்கு ஓராண்டு முன்னர், 2017 பிப்ரவரியில், அதே ஆணையம் இருதய இரத்தக் குழாயில் பொருத்தும் ஸ்டென்டுக்கு உச்ச விலை விதித்தது. சராசரியாக 1,20,000 ரூபாய்க்கு மேல் விலையிடப்பட்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்டின் உச்ச விலை ரூ. 29,600 ஆயிற்று. பொருள் மாறவில்லை, உலோகம் மாறவில்லை, விலையை வரையறுப்பவர் மட்டுமே மாறினார்.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் மற்றொரு செய்தி இருக்கிறது. நாட்டின் அரசு மருத்துவமனைகளில் நிகழ்ந்த மகப்பேறுகளுள் 14.3 சதவீதமும், தனியாரில் 47.4 சதவீதமும் அறுவை வழியே நிகழ்ந்தவை. நம் தமிழ்நாட்டிலோ அரசில் 36.0, தனியாரில் 63.8. தாய்மாரின் விருப்பமும் அச்சமும் இதில் ஓரளவு இருக்கலாம். ஆனால் இடர் மிகுந்த மகப்பேறுகள் பல அரசு மருத்துவமனைகளுக்கே அனுப்பப்படுகின்றன. அங்ஙனமிருக்கத் தனியாரில் அறுவை கூடுவதற்கு நோயின் தேவை மட்டுமே காரணமென்று கொள்வது கடினம்.

2021–22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தனர். 2013–14இல் இது 64.2 ஆக இருந்தது, குறைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அரசுகளின் மருத்துவச் செலவு நாட்டு வருமானத்தில் 1.84 சதவீதமாகவே இருந்தது. 2025க்குள் 2.5 சதவீதமாக்குவது என்பது 2017ஆம் ஆண்டின் தேசிய நலக் கொள்கை வகுத்த இலக்கு.

இவ்வெண்கள் ஒரு குடும்பத்தில் என்ன செய்யும் என்பதற்கு நான் அறிந்த ஒன்றைச் சொல்வேன். நம் விடுதியில் இருந்த தம்பி ஒருவர், தந்தையாரின் இருதய சிகிச்சைக்காகக் குடும்பம் பட்ட கடனை அடைக்க, முதுகலைப் படிப்பை முதலாண்டிலேயே விட்டுவிட்டு வேலைக்குச் சென்றார். தந்தையார் நலமாயிருக்கிறார். தம்பியின் நூல்கள் இன்னும் என் அறையில் இருக்கின்றன.

காய்ச்சல் கண்டால்

இனி நமக்கு நேரே பயன்படுவதைப் பார்ப்போம். தில்லியில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் முன் டெங்குக் காய்ச்சல் பரவுவது வழக்கம். நம் மாணவர்கள் மிகுதியாகத் தனியார் மருத்துவமனையை நாடுவது அப்போதுதான்.

டெங்குவில் பிளேட்லெட் எனப்படும் இரத்தத் தட்டணுக்கள் குறையும். வழக்கமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை எழுபதாயிரம், ஐம்பதாயிரம் என இறங்கும்போது அச்சம் பிறக்கிறது. ஆனால் பெரும்பாலோர்க்கு அது சில நாளில் தானே ஏறிவிடும். இரத்தக் கசிவு இல்லாதபோது, எண்ணிக்கை 10,000க்குக் கீழே இறங்கினாலன்றித் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை என்பதே பொதுவான மருத்துவ நெறி. உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மூச்சுத் திணறல், மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் விட்ட பின்வரும் ஓரிரு நாளே மிகக் கவனிக்க வேண்டிய காலம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரோஃபன் போன்றவற்றைத் தாமே வாங்கி விழுங்கலாகாது. அவை இரத்தக் கசிவைத் தூண்டும்.

இரண்டாண்டுகளுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவர் ஒருவருடன் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றேன். தட்டணு 68,000. சேர்க்கை மேசையில் இருந்த அலுவலர், “தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இடம் இருக்கிறது, உடனே எண்பதாயிரம் கட்டுங்கள்” என்றார். தம்பிக்கு இந்தி தெரியாது, “அண்ணா, என்ன சொல்கிறார்கள்? எனக்கு ஆபத்தா?” என்று என் சட்டையைப் பற்றிக்கொண்டார். பணம் கட்டுமுன் மருத்துவரைக் காண வேண்டும் என்றேன். அரை மணி கழித்து வந்த மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். இவருக்கு இப்போது என்ன ஆபத்து? தீவிர சிகிச்சைப் பிரிவில் செய்வது எது, பொது வார்டில் செய்ய முடியாதது எது? நாளை வரை பார்த்தால் என்ன நேரும்? அவர் தம்பியைச் சோதித்துப் பார்த்து, பொது வார்டே போதும், நீர்ச்சத்தைக் கவனித்தால் சரியாகிவிடும் என்று பொறுமையோடு விளக்கினார். பொது வார்டில் இடமும் கிடைத்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். வெளியேறும்போது விவரமான பில் கேட்டு வாங்கினோம். வந்தே பாராத நிபுணர் ஒருவரின் இருநாள் கட்டணம் அதில் இருந்தது. எடுத்துச் சொன்னதும் நீக்கிவிட்டார்கள்.

மேசையில் கேட்டது ஐந்தாமவரின் குரல். மருத்துவரிடம் கேட்டது இரண்டாமவரின் குரல். இரண்டும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. கேள்வி கேட்டால்தான் அவை பிரிந்து நிற்கும். அம்மூன்று கேள்விகளையும் எந்த நோய்க்கும் கேட்கலாம். பணிவோடு கேட்கப்படும் கேள்வியை நல்ல மருத்துவர் வெறுப்பதில்லை.

காப்பீடு என்னும் குடை

பல்கலைக்கழகத்தின் மூலமோ பெற்றோரின் மூலமோ நம்மில் பலருக்குக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அதன் விதிகளை நோய் வருமுன் படித்தவர் சிலரே. ஒரு விதியை மட்டும் விளக்குகிறேன். பல திட்டங்களில் அறை வாடகைக்கு வரம்பு உண்டு. காப்பீட்டுத் தொகை ரூ. 3,00,000 என்றும், அறை வரம்பு அதில் ஒரு சதவீதம் என்றும் கொள்வோம், நாளுக்கு ரூ. 3,000 ஆகிறது. ரூ. 6,000 வாடகை அறையில் தங்கினால் கூடுதல் மூவாயிரம் மட்டுமே நம் பொறுப்பு என்று எண்ணுவோம். அப்படியன்று. அறைத் தரத்துக்கேற்ப உயரும் மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் முதலியவற்றிலும் அதே விகிதத்தில் பாதியைக் காப்பீட்டு நிறுவனம் குறைத்துவிடும். ரூ. 40,000 கட்டணத்தில் ரூ. 20,000 நம் தலையில் விழும். மருந்து, பரிசோதனை ஆகியவற்றுக்கு இக்குறைப்புக் கூடாது என்பது விதி. ஆகவே, “காப்பீடு இருக்கிறதே, நல்ல அறையாக எடுத்துக் கொள்ளுங்கள்” என்று சொல்லப்படும்போது, முதலில் வரம்பைப் பார்க்க வேண்டும்.

முன்பணமின்றிச் சிகிச்சை பெற அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், வெளியேறும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டுமென்று 2024இல் ஒழுங்காற்று ஆணையம் விதித்திருக்கிறது. காத்திருக்கச் சொன்னால் இவ்விதியை நினைவூட்டலாம்.

சட்டம் தரும் துணை

உரிமை அறியாதவனுக்குச் சட்டம் பூட்டிய பெட்டி. அதன் திறவுகோல்கள் சிலவற்றை இங்கே தருகிறேன்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உடனே முதற்கட்டச் சிகிச்சை அளித்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல், பரமானந்த கட்டாரா வழக்கில், தீர்ப்பளித்தது. பணமும் போலீஸ் விசாரணையும் பிறகு.

கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இல் அதே நீதிமன்றம் கூறியது. 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமில்லை. இரண்டாண்டுக்குள் தொடர வேண்டும்.

ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்கும் கொடுத்த சம்மதம் ஆகாது என்பது 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆதலால் வெற்றுத் தாளிலோ, நிரப்பாத படிவத்திலோ கையொப்பமிடக் கூடாது.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னெறி விதி. வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற விரும்பினால் இவ்வாவணங்களே கைகொடுக்கும்.

மருத்துவமனைக் கடையில்தான் மருந்து வாங்க வேண்டும் என்னும் கட்டாயம் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் உள்ளது. எனினும் இது பற்றிய வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தானே ஆணை பிறப்பிக்காமல், கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டது. எனவே இவ்வுரிமை இன்னும் உறுதிப்படவில்லை. கேட்டுப் பெறவே முயல வேண்டும். தொடர்ந்து உண்ணும் மாத்திரைகளுக்கு, நாடெங்கும் 15,000க்கு மேற்பட்டுள்ள ஜன் ஔஷதி கடைகளில் அதே மருந்து பொதுப் பெயரில் மலிவாகக் கிடைக்கும்.

தில்லிக்கே உரிய ஒன்றும் உண்டு. அரசிடம் சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் மருத்துவமனைகள், உட்புற நோயாளர் கட்டில்களில் 10 சதவீதமும் புற நோயாளர் பிரிவில் 25 சதவீதமும் வருவாய் குறைந்தோர்க்கு இலவசமாக ஒதுக்க வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. சேர்க்கை மேசையில் நாம் கேட்டாலன்றி யாரும் சொல்வதில்லை.

வேறு வழியும் உண்டு

வாணிகம் தவிர வேறு வழியே இல்லை என்று சோர்வடைய வேண்டியதில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாக்கப்பட்டது. மாநிலத்து அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் வேண்டிய மருந்தை ஒரே வாங்குநராக நின்று, ஒப்பந்தப் புள்ளி கோரி, தரம் சோதித்துக் குறைந்த விலைக்கு வாங்கியது. பிற மாநிலங்கள் பல அம்முறையைப் பின்பற்றின. தனி மனிதன் விலை பேச முடியாத இடத்தில் சமுதாயம் ஒன்றாக நின்றால் பேச முடியும் என்பதற்கு அது நம் கண்முன் உள்ள சான்று.

நம் சங்கமும் தன் அளவில் இதைச் செய்யலாம். மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, இந்தி நன்கு பேசத் தெரிந்த தமிழ் மாணவர்கள், மாணவியர் ஆகியோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட துணைவர் பட்டியல் ஒன்று எல்லா விடுதிகளிலும் இருத்தல் வேண்டும்; நள்ளிரவில் யாருக்கு நோய் கண்டாலும் இருவர் உடன் செல்ல வேண்டும். இரண்டாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் இரத்தப் பிரிவு, ஒவ்வாத மருந்து, காப்பீட்டு எண், அறை வரம்பு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அறை நண்பரிடம் கொடுத்து வைக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வோராண்டும் புதிய மாணவர் வரவேற்பு நாளில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கி, நம் பல்கலைக்கழகச் சுகாதார நிலையம் எங்கே, அருகிலுள்ள அரசு மருத்துவமனை எங்கே, காப்பீட்டு விதிகள் எவை என்பதைச் சொல்லித் தர வேண்டும். சாதாரண நோய்க்கு முதலிற் செல்ல வேண்டிய இடம் சுகாதார நிலையமே. அங்கே இருக்கும் மருத்துவருக்கு நம்மைக் கட்டிலில் கிடத்துவதால் ஆதாயம் ஏதுமில்லை.

முதலீட்டை நம்மால் ஒரு நாளில் வெளியேற்றிவிட முடியாது. அது நாட்டின் கொள்கை மாற வேண்டிய பெரிய காரியம். அதற்காகவும் குரல் கொடுப்போம். ஆனால் துணைவர் என்னும் நான்காம் கூற்றை வலுப்படுத்துவது இன்றே நம்மால் இயலும். அடுத்த சங்கக் கூட்டத்தில் துணைவர் பட்டியலுக்கு என் பெயரை முதலில் எழுதிக் கொடுக்கிறேன். நண்பர்களே, அடுத்த வரியில் உங்கள் பெயரை எழுதுங்கள்.